ஸ்பெயின்காரருக்கு ஆறு பட்டங்கள்

ஸ்பானிஷ் மொழியில் எனக்கு மொத்தம் ஆறு சொற்கள் தெரியும். ஆறையும் மைக்கில், மேளதாளத்தோடு, ஒரு ஸ்பெயின்காரரின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஏழாவது சொல்லைக் கற்றுக்கொள்ளும் தைரியம் எனக்கு வரவில்லை.

(இதில் என் தப்பு எதுவுமே கிடையாது என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒருத்தரும் நம்புவதாக இல்லை. நீங்களாவது நம்புங்கள்.)

அப்போது ரெண்டாயிரத்து ரெண்டாம் வருஷம். திருச்சியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு அரியலூருக்குத் திரும்பியிருந்தேன். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த அப்பா யார் எது சொன்னாலும் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தலையை ஆட்டுகிற ரகம். அப்படித்தான் பெரம்பலூரில் உரக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கும் தலையை ஆட்டி வைத்திருந்தார். மாப்பிள்ளை கடையை விட்டு வர முடியவில்லையாம். அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் வந்து என்னைப் பார்த்தார்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் போவமாட்டல்ல?" என்று அந்த அம்மா கேட்டார். "போவேங்க" என்றேன். கேசரி வாயில் இருந்தபடியே அவர் முகம் சுருங்கியது.

அன்றிலிருந்து எனக்கும் அப்பாவுக்கும் பனிப்போர். கடைசியில் அம்மா நடுவில் புகுந்து ஒரு சமாதானம் பேசினார். தை பிறப்பதற்குள் எனக்கு வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவது. ஆகாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பங்குனியில் பெரம்பலூர்.

நான் வேலை பார்த்தது ஜெயங்கொண்டத்துக்கு வெளியே ஒரு முந்திரி கம்பெனியில். கொட்டையை உடைத்து, பருப்பை எடுத்து, தரம் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வெளிநாட்டுக் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது என் வேலை. முதலாளி கலியபெருமாள் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு விஷயம் அவர் மண்டைக்குள் புகுந்துவிட்டால் ஆண்டவனே வந்து ஆள் வைத்து இழுத்தாலும் வெளியே வராது.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். ஸ்பெயினிலிருந்து ரமோன் என்று ஒருவர் எங்கள் பருப்பைப் பார்க்க வருகிறாராம். போன தடவை பண்ருட்டிக்குப் போய் வேறொரு கம்பெனியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாராம்.

"பண்ருட்டிக்காரன் இங்கிலீஷ்ல பேனர் வச்சான். நாம அவரு பாஷையிலயே வைக்கிறோம். வருக வருகன்னு தமிழ்லயே இருக்கட்டும். பட்டம் மட்டும் ஸ்பானிஷ்ல. 'மாபெரும் வணிகர்'னு எழுதிக் குடு."

"சார், எனக்கு ஸ்பானிஷ் தெரியாது சார்."

"எம்.ஏ. இங்கிலீஷ்தான படிச்சிருக்க?"

"ஆமா சார். இங்கிலீஷ்."

"அதுவும் ஏ, பி, சி, டிதான? இதுவும் ஏ, பி, சி, டிதான?"

"எழுத்துதான் சார் ஒண்ணு. பாஷை வேற."

"எழுத்து தெரிஞ்சா பாஷை தன்னால வருது. இத நல்லபடியா முடிச்சுக் குடு செல்வி. அந்த மேடையிலயே நீ பர்மனென்ட்டுன்னு மைக்குல சொல்லிடறேன். ஒங்கப்பாவையும் வரச்சொல்லு."

அந்தக் கடைசி வாக்கியம் வந்ததும் எனக்கும் எழுத்து தெரிந்தால் பாஷை வந்துவிடும் என்றுதான் தோன்றியது.

சரக்கு ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போன லாரி டிரைவரிடம் சொல்லி, பழைய புத்தகக் கடையிலிருந்து ஓர் அகராதி வரவழைத்தார் முதலாளி. அதற்கு அட்டை இல்லை. முன்னுரை, சுருக்கக் குறிகளின் விளக்கம் எல்லாம் அட்டையோடு போயிருந்தன. ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குப் போகிற பாதி இருந்தது. ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பி வருகிற பாதியைக் கரையான் தின்றிருந்தது. போகலாம், வர முடியாது.

'வணிகர்' வேண்டாம், 'மாபெரும்' மட்டும் போதும், பின்னால் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று வேலையைக் குறைத்துக்கொண்டேன். மாபெரும் என்றால் ஆங்கிலத்தில் கிரேட். 'கிரேட்' பக்கத்தைத் திறந்தேன். அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது.

ஆங்கிலத்தில் இந்தக் கிரேட் ஓர் ஊர்சுற்றி. பெரிய மனுஷனுக்கும் அதுதான், பெரிய மழைக்கும் அதுதான், பெரிய கூட்டத்துக்கும் அதுதான். பக்கத்தில் எது நிற்கிறதோ அதற்குத் தக்கபடி வேஷம் கட்டிக்கொள்ளும். ஸ்பெயின்காரர்களோ ஒவ்வொரு வேஷத்துக்கும் தனித்தனி ஆள் வைத்திருக்கிறார்கள். கிரான், கிராந்தே, எனோர்மே, குருவேசோ, பிரின்சிபால், பிரெஞாதா. எல்லாம் ஒரே வரியில், கமா போட்டு. நடுநடுவே எறும்பு மாதிரிச் சின்னச் சின்ன சுருக்கக் குறிகள். அவற்றின் விளக்கம்தான் அட்டையோடு போய்விட்டதே!

ஒவ்வொரு ராத்திரியும் சாப்பிடும்போது வீட்டில் புலம்பினேன். "ஒரே ஒரு வார்த்தைதாம்ப்பா வேணும். எதுன்னுதான் தெரியல." அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே "சரி சரி" என்றார்.

முதலில் இருப்பதுதான் ரொம்பப் பொதுவான பொருளாக இருக்கும் என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். வரி முழுவதையும் ஒரு தாளில் எழுதி, முதல் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, வட்டம் போட்டதை மட்டும் எழுதவும் என்று தமிழில் குறிப்பும் எழுதினேன். (எதற்கு முழு வரியையும் எழுதினேன் என்று கேட்காதீர்கள். எம்.ஏ. படித்தவர்கள் எழுதியது போதாதென்று ஆதாரமும் காட்டுவார்கள்.)

தாளை வாங்கிப் பார்த்த ஓவியர் சேகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருந்தவர். அந்த வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர் கை எழுத்துத்தான்.

"என்னா மேடம், இருபதடி துணிக்கு ஒரே வார்த்தையா? கருமாதிக்கே மூணு வரி வருது."

முதலாளியும் தாளை எட்டிப் பார்த்தார். "அட, இத்தன பட்டம் இருக்கே! ஒண்ண மட்டும் போட்டு மிச்சத்த யாருக்கு வைக்கச் சொல்ற?"

"சார், இதெல்லாம் பட்டம் இல்ல. ஒரே வார்த்தைக்கு வேற வேற அர்த்தம். எடத்துக்குத் தகுந்த ஒண்ணத்தான் எடுக்கணும்."

"எல்லாமே கிரேட்டுங்கற வார்த்தைக்குக் கீழதான இருக்கு?"

"ஆமா சார்."

"கிரேட்டுக்குக் கீழ இருக்கறது எல்லாம் கிரேட்டாத்தான இருக்கும்?"

சேகர் கையிலிருந்த தாளைப் பிடுங்கப் பார்த்தேன். முதலாளி குறுக்கே கையை நீட்டித் தொடர்ந்தார்.

"நம்மூரு கவுன்சிலரு, தெருவிளக்கே போட்டுத் தரல. அவருக்கே 'ஏழைகளின் தோழரே, எழுச்சியின் நாயகரே, எங்கள் குலவிளக்கே'ன்னு எட்டு பட்டம் போட்டோம். கடல் தாண்டி வர்ற மனுசனுக்கு ஒண்ணே ஒண்ணுன்னா, காசு மிச்சம் பண்றோம்னு நினைக்க மாட்டாரு?"

"அவங்க ஊரு வழக்கம் வேற சார்..."

"வர்றது நம்ம ஊருக்குல்ல?"

சேகர் அதற்குள் ஸ்கேலை எடுத்துத் துணியை ஆறாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசிச் சொல்லில் ஓர் எழுத்தின் தலையில் சின்ன நெளிவு இருந்தது. அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், இடம் இருந்த எழுத்துக்கெல்லாம் ஒரு நெளிவு வைத்துவிட்டார். பேனரே புழு ஊர்கிற மாதிரி இருந்தது. "டிசைன் எடுப்பா இருக்குல்ல மேடம்?" என்றார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டின்போது "ஒரு வார்த்த போதும்னேன், யாரும் கேக்கலப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

விழா நாளில் கம்பெனி வாசலில் வாழைமரம், தோரணம், நாதஸ்வரம், தவில். கொட்டை உடைக்கிற பெண்களுக்கு அரைநாள் லீவு கொடுத்து, சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் பன்னீர்ச் செம்புமாக இரண்டு வரிசையில் நிறுத்தியிருந்தார் முதலாளி. எல்லாவற்றுக்கும் மேலே இருபதடி நீளத்துக்கு ஆறு ஸ்பானிஷ் சொற்கள், அவற்றின் கீழே ரமோன் அவர்களே வருக வருக, அதன் கீழே ரமோன் பெயரை விடப் பெரிதாக முதலாளியின் படம்.

அப்பா வந்தார். தனியாக வரவில்லை. பெரம்பலூர் அம்மாவும் தாய்மாமாவும் பின்னாலேயே வந்தார்கள்.

"எதுக்குப்பா இவங்கள?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஒன்ன மேடையில பேர் சொல்லிக் கூப்புட்டு வேலை நிரந்தரம்னு சொல்றத அவங்க காதால கேட்டுட்டா, தள்ளிப்போடச் சொல்லி நான் கேக்க வேண்டியதில்ல பாரு. அதான் கூட்டியாந்தேன்." அப்பாவிடம் இவ்வளவு ராஜதந்திரம் இருந்தது எனக்குத் தெரியாது. அன்றைக்குப் போய் அதைக் காட்டியிருக்க வேண்டாம்.

ரமோன் வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். வெள்ளை மீசை, சிவந்த முகம், சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தொந்தி. தலையை நிமிர்த்திப் பேனரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"உருகிட்டாரு பாரு" என்று முதலாளி என் காதில் சொன்னார்.

பெண்கள் அவருக்கு மாலை போட்டு, பன்னீர் தெளித்து, கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசினார்கள். மேடையில் ஏற்றி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதலாளி என் கையில் மைக்கைத் திணித்தார்.

"படி."

"கிரான் ரமோன் அவர்களே, வருக" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"மிச்சத்த யாரு படிப்பா?"

படித்தேன். கிராந்தே. தவில்காரர் ஒரு தட்டு தட்டினார். எனோர்மே. மறுபடி ஒரு தட்டு. ஒவ்வொரு பட்டத்துக்கும் தவில், கைதட்டல். குருவேசோ. பிரின்சிபால் என்றதும் கூட்டத்தில் யாரோ "எந்தக் காலேஜு?" என்று கேட்டார்கள். பிரெஞாதா என்று முடித்தபோது தவிலோடு நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. ரமோன் கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"அழுவுறாரு" என்றார் முதலாளி பரவசத்துடன்.

ரமோன் எழுந்து என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். பேசினார். ஆங்கிலத்தில்! பல வருஷம் லண்டனில் வியாபாரம் செய்தவராம். என்னைவிடச் சுத்தமாகப் பேசினார். இந்த மனிதருக்காகத்தான் கரையான் தின்ற புத்தகத்தோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்!

"என்னா சொல்றாரு? ஜனங்களுக்குத் தமிழ்ல சொல்லு" என்றார் முதலாளி.

சொன்னேன். வேறு வழி? அவர் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"என்னை மாபெரும் மனிதர்னு சொல்லியிருக்கீங்க, நன்றிங்கறாருங்க." கைதட்டல். "ரொம்பப் பெரிசுன்னும் பூதாகாரம்னும் போட்டிருக்கீங்களாம், அவரு சம்சாரமும் அதத்தான் சொல்றாங்களாம்." சிரிப்பு. "தடியன்னு போட்டிருக்காம். டாக்டரும் அப்படித்தான் சொன்னாராம்." பலத்த சிரிப்பு. முதலாளியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் ஓடியது. "முதன்மையானவர்னு போட்டத அவரு கம்பெனி மொதலாளிகிட்ட காட்டணுமாம்."

பிறகு அந்த ஆறாவது சொல்லுக்கு வந்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உள்ளங்கால்வரை வியர்த்தது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பிள்ளைத்தாச்சியைச் சொல்லவும் இந்தப் பாழாய்ப்போன கிரேட்டைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அகராதியும் அதை விடாமல் எழுதி வைத்திருக்கிறது.

"அவ்வளவுதாங்க. எல்லாருக்கும் நன்றி சொல்றாருங்க" என்றேன்.

ரமோன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவு நீளமாகப் பேசியது இவ்வளவு சின்னதாக வந்திருக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மைக்கைக் கீழே வைத்தார். இரண்டு கைகளாலும் தொந்திக்கு முன்னால் பெரிதாக ஒரு வளைவு வரைந்தார். பிறகு கைகளைக் கோத்து ஒரு குழந்தையைத் தாலாட்டிக் காட்டினார்.

கொட்டை உடைக்கிற பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி ஒருத்தி உண்டு, அஞ்சலை. அவள் குரல்தான் முதலில் வந்தது.

"அடி ஆத்தி! மாசமா இருக்காருன்னா எழுதி வச்சிருக்கீங்க?"

அதற்குப் பிறகு நடந்ததை யாராலும் அடக்க முடியவில்லை. அஞ்சலை மேடைக்குப் பக்கத்திலேயே வந்து ரமோனைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். "வகுத்தப் பாத்தா ஏழு மாசம் இருக்கும்டி. மாலை போட்டாச்சு, கன்னத்துல சந்தனம் பூசியாச்சு. வளையலு ஒண்ணுதான் பாக்கி."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. வெள்ளைக்காரர் காரம் தாங்க மாட்டார் என்று முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் செய்யச் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் வளைகாப்புக்குச் செய்கிற அதே சாப்பாடு!

அஞ்சலை தன் கையிலிருந்து ஒரு கண்ணாடி வளையலைக் கழற்றினாள். அது அவர் மணிக்கட்டில் எங்கே ஏறும்? நாலு விரலில் கோத்து நிறுத்தினாள். இதுவும் வரவேற்பில் ஒரு பகுதி என்று நினைத்தாரோ என்னவோ, ரமோன் மற்றக் கையையும் நீட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். தவில்காரர் நேரம் காலம் தெரியாமல் கெட்டிமேளம் கொட்டினார்.

முதலாளி என்னைப் பந்தல் காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு எல்லாத்தையும் எழுதிக் குடுத்து மானத்த வாங்கிட்டியே!"

நான்! ஒரு வார்த்தை போதும் என்று கரடியாகக் கத்திய நான்! 'பர்மனென்ட்' என்ற சொல் அன்றைக்கு எந்த மொழியிலும் மேடையில் ஒலிக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் அப்பா பக்கம் போனேன். பெரம்பலூர் அம்மா தேங்காய் சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வேலையும் இனி இருக்காதுன்னு தெரிஞ்சிபோச்சு. பங்குனியிலயே வச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு. மைக்கப் புடிச்சு ஆம்பளையப் பாத்து இந்த மாதிரிப் பேசுறதெல்லாம் எங்க வூட்டுக்கு ஆவாது. பொண்ணு வாயக் கொறச்சுக்கணும்."

அப்பா "சரிங்க" என்று சொல்லப் போகிறார் என்று நின்றேன். பங்குனி, பெரம்பலூர், உரமூட்டைகள் எல்லாம் கண்ணில் தெரிந்தன. சொம்பிலிருந்து தண்ணீர் தாய்மாமாவின் இலையில் போய்க்கொண்டிருந்தது.

அப்பா இலையைப் பார்த்தபடியே பேசினார். "ஏங்க, எம்பொண்ணு ஒரு வார்த்த போதும், ஒரு வார்த்த போதும்னு தெனமும் சோத்துத் தட்டுக்கு முன்னாடி ஒக்காந்து தலையில அடிச்சிக்கிச்சு. இங்க ஒரு ஆம்பளையும் காதுல போட்டுக்கல. அது இன்னும் கொஞ்சம் சத்தமா வாயத் தொறந்திருக்கணும்னு நானே கவலப்பட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க கொறக்கச் சொல்றீங்க. நமக்குள்ள ஒத்து வராதுங்க."

அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ரசத்தைப் பிசைந்துகொண்டே அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அரியலூர் பஸ்ஸில் பாதி வழி வந்திருப்போம். திடீரென்று அப்பாவின் தோள் என்மேல் இடித்தது. சிரித்துக்கொண்டிருந்தார். "அந்தாளு ரெண்டாவது கையையும் நீட்டுனாரே, பாத்தியா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, முன் சீட்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். கண்டக்டர் வந்து "பெரியவருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தார்.

ரமோன் பருப்பு வாங்கினார். பேனரையும் கேட்டு வாங்கி மடித்து எடுத்துக்கொண்டு போனார். எல்லாம் தன்னுடைய பேனரின் மகிமை என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். என்னைக் கூப்பிட்டு நிரந்தரமும் ஆக்கினார். ஆக்கின கையோடு மேஜைக்குள்ளிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டார். பிரெஞ்சு அகராதி. முன்பக்கமும் பின்பக்கமும் முழுசாக இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்தேன். இல்லை. அந்த வாரமே பி.எட். படிப்புக்கு விண்ணப்பம் எழுதினேன்.

அப்பா மட்டும் அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். யாராவது எனக்கு வரன் கொண்டுவந்து "பையன் தங்கம், சிவப்பு, உயரம், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது" என்று ஆரம்பித்தால், "பேனர சுருட்டி வைங்க, ஆளக் காட்டுங்க" என்பார். இது எங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் பழமொழியாகவே ஆகிவிட்டது. புடவைக்கடையில் சேல்ஸ்மேன் கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்தால்கூட என் சித்தி பேனரைச் சுருட்டச் சொல்கிறார்.

பி.எட். முடித்துப் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்த பிறகு குரும்பலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் சித்தப்பா பையனைப் பற்றி அடுக்க ஆரம்பித்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் பையனிடமே கேட்டார். "நீங்களே சொல்லுங்க தம்பி. நீங்க எப்புடி?"

அவர் கொஞ்சம் யோசித்து, "சுமார்தாங்க" என்றார்.

அப்பா அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டார். எனக்கும் அந்த ஒற்றைச் சொல் பிடித்துத்தான் போயிற்று. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகிவிட்டது. சாம்பார் எப்படி என்று கேட்டாலும், புதுப்புடவை எப்படி என்று கேட்டாலும், என் தம்பி பெண்டாட்டி எப்படி என்று கேட்டாலும், இன்றுவரை அந்த மனிதரிடமிருந்து வருவது அதே "சுமார்"தான். அதற்கு எங்கே என்ன அர்த்தம் என்று நான் அகராதியைத் தேடுவதில்லை. கரண்டியைத் தேடுகிறேன்.